இலேசான சுமையும் பெரிய பொறுப்பும்



ஒரு ரமழான் மாதத்தில் அஸர்த் தொழுகைக்குப் பின்னர், திருமணமாகிச் சில மாதங்களேயான ஓர் இளைஞர் பள்ளிவாசலில் என்னருகே வந்தமர்ந்தார். "மௌலவி, மூன்று வாரங்களாக என் மனைவிக்குக் குமட்டல். மாமி அதை 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி, பார்மசியில் மருந்து வாங்கிக் கொடுக்கிறார். நேற்று நோன்போடு மயங்கி விழுந்துவிட்டார். நோன்பை விடலாமா?" என்று கேட்டார். "மாதவிடாய் தவறியிருக்கிறதா?" என நான் திருப்பிக் கேட்டேன். அவர் தலைகுனிந்தார். அதை அவர் விசாரித்திருக்கவில்லை. மனைவியும் வெட்கத்தினால் எவரிடமும் கூறியிருக்கவில்லை. மறுநாள் பரிசோதித்தபோது அச்சகோதரி கர்ப்பமுற்றிருப்பது தெரியவந்தது.

அந்த வீட்டில் கெட்ட எண்ணம் கொண்டவர் எவருமில்லை. அறியாமையும், இடமறியாத வெட்கமுமே அங்கு இருந்தன. வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். எனினும், மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு வெட்கம் தடையாகாதிருந்த மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்துரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆகவே, உயிரோடு தொடர்புடைய இவ்விடயத்தைக் கண்ணியமாகப் பேசுவது குற்றமாகாது, பேசாதிருப்பதே ஆபத்தாகும்.

கர்ப்பத்தின் தொடக்கத்தை, தாய் சுமந்துகொண்டு நடமாடக்கூடிய ஓர் இலேசான சுமையாக அல்குர்ஆன் (7:189) வர்ணிக்கின்றது. அச்சுமை கனத்த பின்னரே ஊரார் அதனை அறிகின்றனர். ஆனால் சிசுவின் உறுப்புக்கள் உருவாகத் தொடங்குவதோ அது இலேசாக இருக்கும் அந்நாட்களிலேயேயாகும். மூளையும் முண்ணாணும் தோன்றும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடுகின்றது. மாதவிடாய் தவறி இரண்டு வாரங்களே ஆன காலம் அது. இதனாற்றான் ஆரம்ப அறிகுறிகளை அறிந்திருப்பது அவசியமாகின்றது.

அவற்றுள் முதன்மையானது, ஒழுங்காக வரும் மாதவிடாய் தவறுவதாகும். மனஅழுத்தம், உடல் நிறையில் ஏற்படும் பெரும் மாற்றம், தைரொயிட் நோய் போன்றவற்றாலும் அது தவறக்கூடும். மறுபுறம், கருத்தரித்துப் பத்து முதல் பதினான்கு நாட்களளவில் சிலருக்குச் சிறிதளவு இரத்தக் கசிவு தோன்றும். அதனை மாதவிடாய் எனத் தவறாகக் கணக்கிடுவோரும் உளர். பாலூட்டும் தாய்க்கு, பிரசவத்தின் பின்னரான முதலாவது மாதவிடாய் வருமுன்னரேகூட மீண்டும் கர்ப்பம் தரிக்கலாம்.

அடுத்தது குமட்டலும் வாந்தியும். இது காலையில் மட்டுமன்றி எந்நேரத்திலும் வரலாம். முன்னர் விரும்பிய உணவின் வாசனையே, ஏன், அத்தரின் நறுமணமே வெறுப்பூட்டலாம். மார்பகங்களில் வலியும் கனமும், காரணமற்ற களைப்பும் தூக்கமும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தேவையும் ஏனைய அறிகுறிகளாகும். சிறுநீர் கழிக்கும்போது எரிவு இருந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இவை எல்லாப் பெண்களிடமும் ஒரேவிதமாகத் தோன்றுவதில்லை. எனவே ஊகத்தை விட்டுப் பரிசோதனையை நாடுங்கள். கர்ப்பத்தின்போது சுரக்கும் எச்.சீ.ஜீ. எனும் ஹோர்மோனைச் சிறுநீரில் கண்டறியும் பட்டைகள் பார்மசிகளில் கிடைக்கின்றன. மாதவிடாய் வரவேண்டிய நாள் தவறிய பின்னர், காலையின் முதற் சிறுநீரில் பரிசோதிப்பது சிறந்தது. 'இல்லை' எனக் காட்டியும் மாதவிடாய் வராவிடின் ஒரு வாரத்தின் பின் மீண்டும் பரிசோதியுங்கள். கர்ப்பகாலம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றது. ஆகவே அத்திகதியைக் குறித்துவைப்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் நற்பழக்கமாகும்.

கர்ப்பம் உறுதியானதும் உங்கள் பிரதேசக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் 'மிட்வைப்' என அழைக்கும் அச்சகோதரியிடம், 8 வாரங்களுக்கு முன்னரே பதிவுசெய்துகொள்ளுங்கள். அரச கிளினிக்கில் இச்சேவை இலவசமானது. நரம்புக்குழாய்க் குறைபாடுகளைக் குறைக்கும் போலிக் அமிலத்தைக் கருத்தரிக்குமுன்னரே தொடங்கி 12 வாரங்கள் வரை எடுக்கவேண்டும். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு; சிலருக்கு வைத்தியர் கூடுதலாகப் பரிந்துரைப்பார். ஆதலால், புதுமணத் தம்பதியர் கர்ப்பம் தரிக்கும்வரை காத்திராது முன்கூட்டியே மிட்வைப்பைச் சந்திப்பது நலம். மருந்து வாங்கும்போதும் எக்ஸ்ரே எடுக்கும்போதும் கர்ப்பமாக இருக்கலாம் என்பதைக் கூறிவிடுங்கள். வலிப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம் என்பவற்றுக்கு மருந்தெடுப்போர் தாமாக அதனை நிறுத்தாது உடனே வைத்தியரைக் காணவேண்டும்.

அடிவயிற்றில் கடும் வலி, இரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியன கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். இது தாயின் உயிரையே பறிக்கக்கூடியது. ஒரு மணி நேரமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர்கூட வயிற்றில் தங்காதவாறு வாந்தியெடுப்பவரையும் அவ்வாறே கொண்டுசெல்லவேண்டும்.

"மூன்று மாதம் வரை எவருக்கும் சொல்லக்கூடாது, கண்ணூறு படும்" என்று நம் வீடுகளில் சொல்வர். கண்ணூறு உண்மையே. ஊராரிடம் சொல்லாதிருப்பது உங்கள் விருப்பம். ஆனால் மிட்வைப்பிடமும் வைத்தியரிடமும் மறைப்பது பாதுகாப்பாகாது. அதிக கவனிப்புத் தேவைப்படும் முதல் மூன்று மாதங்களையே அவ்வாறு நாம் இழந்துவிடுகின்றோம்.

மார்க்கச் சட்டங்களும் இதனோடு தொடர்புடையன. கர்ப்பிணி தனக்கோ சிசுவுக்கோ தீங்கு ஏற்படுமென அஞ்சினால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அனுமதியுண்டு. சிசுவுக்காக மட்டும் அஞ்சி விட்டவர் களாவுடன் பித்யாவும் வழங்கவேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பாகும். தலாக் கூறப்பட்ட பெண் தன் கருவறையில் உள்ளதை மறைப்பது ஆகாது என்பதை அல்குர்ஆன் (2:228) உணர்த்துகின்றது. ஏனெனில் கர்ப்பிணியின் இத்தா பிரசவத்துடனேயே நிறைவுறுகின்றது (65:4).

கணவர்மாரே! மனைவி சொல்லும்வரை காத்திராது, கனிவோடு விசாரியுங்கள். கிளினிக்குக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். வீட்டினுள் புகைபிடிப்பதை விட்டுவிடுங்கள். தாய்மாரே! திருமண வயதை அடைந்த மகளுக்கு நகையையும் சீலையையும் தேடுமுன், இந்த அறிவைக் கொடுங்கள்.

அன்று என்னிடம் வந்த அவ்விளைஞர், மாதங்கள் சென்று ஒரு பெண் குழந்தையைக் கையிலேந்தி வந்தார். அல்ஹம்துலில்லாஹ்! அல்லாஹ் நாடியதால் அக்குழந்தை நலமாகப் பிறந்தது. எனினும் அந்த மூன்று வாரங்களை எண்ணும்போது இன்றும் என் மனம் பதறுகின்றது. உங்கள் வீட்டில் அவ்வாறு ஒரு நாளேனும் வீணாகிவிட வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மாரையும் அவர்கள் சுமக்கும் அமானிதங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.