வாடிக்கையாளர் விலகும்போது: அமெரிக்க சரக்கு விமான ஊழியர்களின் நிச்சயமற்ற நிலை

அமெரிக்க அஞ்சல் சேவைக்கும் ஃபெடெக்ஸ் நிறுவனத்துக்கும் இடையே 2001ஆம் ஆண்டு முதல் நீடித்துவந்த விமானப் போக்குவரத்து ஒப்பந்தம், 2024 செப்டம்பர் 29ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. அந்தப் பணியின் பெரும்பகுதி அதன் போட்டியாளரான யுபிஎஸ் நிறுவனத்துக்குச் சென்றது. ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் அதிகமான வருமானத்தைத் தந்துவந்த ஒரு வாடிக்கையாளரின் விலகல், ஃபெடெக்ஸின் பங்குதாரர்களுக்கு ஒரு கணக்குப் பிரச்சினை. ஆனால் நியூஜெர்சியின் நுவர்க், சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஓக்லண்ட், டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் ஆகிய இடங்களில் அந்நிறுவனம் நடத்திவரும் சரக்குப் பிரிப்பு மையங்களின் தொழிலாளர்களுக்கும், விமானிகளுக்கும், விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் அது வேறு விதமான கேள்வியை எழுப்பியது.

இந்த மூன்று பகுதிகளிலும் பெருமளவில் வாழும் தமிழர்களில் பலர் கணினித் துறையில் ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள். சம்பளம் தருவது ஒரு நிறுவனம், வேலையைத் தருவது இன்னொரு நிறுவனம் என்ற ஏற்பாடு அவர்களுக்குப் புதிதல்ல. "கிளையன்ட்" என்ற சொல்லின் கனம் அவர்களுக்குத் தெரியும். சரக்கு விமானத் துறையும் பெரும்பாலும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

பகலில் பறந்த அஞ்சல்

அஞ்சல் ஒப்பந்தம் ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இத்தகைய விமானங்கள் எப்போது பறக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் சேர வேண்டிய பொதிகளுக்காக ஃபெடெக்ஸ் விமானங்கள் இரவில் மெம்ஃபிஸ் போன்ற மையங்களுக்கு வந்து, பொதிகள் பிரிக்கப்பட்டபின், விடிவதற்குள் திரும்பிச் செல்கின்றன. பகலில் அந்த விமானங்கள் நிலையத்தில் வெறுமனே நிற்கும். அஞ்சல் சேவையின் சரக்குதான் அவற்றைப் பகலிலும் பறக்க வைத்தது.

2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டத்தின்கீழ், அப்போதைய அஞ்சல் துறைத் தலைவர் லூயி டிஜாய், செலவைக் குறைப்பதற்காக அஞ்சலை விமானத்திலிருந்து லாரிகளுக்கு மாற்றத் தொடங்கினார். ஆகவே ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே சரக்கின் அளவு குறையத் தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் முடிந்தபின் ஃபெடெக்ஸ் தனது உள்நாட்டுப் பகல்நேரப் பறப்பைக் கணிசமாகக் குறைத்தது.

விமானியின் வருமானம் பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டு என்றாலும், விமானங்கள் குறையும்போது அதற்கு மேல் ஈட்டும் வாய்ப்பு சுருங்குகிறது; புதிய பதவி உயர்வுகள் நின்றுவிடுகின்றன. 2023ஆம் ஆண்டின் இறுதியிலேயே, தேவைக்கு மேல் விமானிகள் இருப்பதாகக் கூறிய ஃபெடெக்ஸ், பிராந்தியப் பயணிகள் விமான நிறுவனமான பிஎஸ்ஏவில் சேரும் வாய்ப்பைத் தன் விமானிகளின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. பெரிய சரக்கு விமானங்களை ஓட்டியவர்களைச் சிறிய பயணிகள் விமானங்களுக்குப் போகலாம் என்று சொல்வது, வேலையை விட்டு நிறுத்துவதல்ல. ஆனாலும் அதன் செய்தி எல்லோருக்கும் புரிந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான், தொழிற்சங்கத் தலைமை ஏற்றுக்கொண்டிருந்த புதிய ஊதிய உடன்பாட்டை விமானிகள் வாக்கெடுப்பில் நிராகரித்திருந்தனர். வாடிக்கையாளர் போய்விடக்கூடும் என்ற நிலையில் பேச்சுவார்த்தை மேசையில் யார் கை ஓங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விமானிகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்க விமானத் துறையில் ஊதியம், விடுப்பு, எந்த விமானம், எந்த ஊர் என அனைத்தையும் தீர்மானிப்பது பணிமூப்பு. ஆனால் அந்தப் பணிமூப்பு அந்த ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். இருபது ஆண்டு அனுபவம் கொண்ட கேப்டன் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால், பட்டியலின் கடைசியில் துணை விமானியாகத் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே ஒப்பந்தம் தொடருமா என்று தெரியாத மாதங்களில், இப்போதே விலகி வேறிடத்தில் வரிசையில் நிற்பதா, அல்லது காத்திருப்பதா என்பதே அவர்களது பெரும் குழப்பமாகிறது. முன்கூட்டிப் போனவர் தவறாகவும் கணித்திருக்கலாம்.

வில்மிங்டன் கண்ட பாடம்

ஃபெடெக்ஸுக்கு அஞ்சல் சேவை பல வாடிக்கையாளர்களில் ஒருவர். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் நிறுவனத்தில் என்ன நேரும் என்பதற்கு ஒஹாயோ மாநிலத்தின் வில்மிங்டன் நகரமே உதாரணம்.

டிஎச்எல் நிறுவனம் 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டது. கப்பல் சரக்கு ஆவணங்களை ஹொனலுலுவுக்கு விமானத்தில் கொண்டுசெல்வதே அதன் தொடக்ககாலப் பணி. பின்னர் அது ஜெர்மனியின் டாய்ச்ச போஸ்ட் வசமானது. அமெரிக்கச் சந்தையில் காலூன்ற விரும்பிய டிஎச்எல், 2003இல் ஏர்போர்ன் நிறுவனத்தை வாங்கியது. ஆனால் அமெரிக்க விமான நிறுவனமொன்றில் வெளிநாட்டவர் 25 சதவீதத்துக்கு மேல் வாக்குரிமைப் பங்கு வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே தரைவழி வணிகத்தை டிஎச்எல் எடுத்துக்கொள்ள, விமானப் பிரிவு ஏபிஎக்ஸ் ஏர் என்ற தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. உள்நாட்டு நிறுவனங்களைப் பாதுகாக்கும் நோக்கம் கொண்ட அந்தச் சட்டம், நடைமுறையில், ஊழியர்களை ஒரே வாடிக்கையாளரைக் கொண்ட நிறுவனத்தில் விட்டுவிட்டது. வேலை முழுவதும் டிஎச்எல்லுக்கானது. பொறுப்பு மட்டும் டிஎச்எல்லுக்கு இல்லை.

2008 மே 28ஆம் தேதி, தனது அமெரிக்க விமானப் போக்குவரத்தை யுபிஎஸ்ஸிடம் ஒப்படைக்கத் திட்டமிட்டிருப்பதாக டிஎச்எல் அறிவித்தது. சுமார் 12 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரத்தின் விமானத் தளத்தில் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் வந்து எண்ணாயிரம் பேர் வரை வேலை பார்த்துவந்தனர். அது அதிபர் தேர்தல் ஆண்டு. ஒபாமா, மெக்கெய்ன் இருவருமே அந்தப் பிரச்சினையைப் பேசினர். ஆயினும் ஆறு மாதங்களுக்குள் நிலைமை மேலும் மோசமடைந்தது. நவம்பர் 10ஆம் தேதி, அமெரிக்காவுக்குள்ளான விநியோகத்தையே 2009 ஜனவரி 30ஆம் தேதியுடன் கைவிடுவதாகவும், மேலும் 9,500 வேலைகள் போகும் என்றும் டிஎச்எல் தெரிவித்தது. யுபிஎஸ்ஸுடனான உடன்பாடும் இறுதியில் கைகூடவில்லை.

ஏபிஎக்ஸ் ஏர் பெருமளவு சுருங்கினாலும் பிழைத்தது. டிஎச்எல்லுக்காகப் பறந்துகொண்டிருந்த மற்றொரு நிறுவனமான ஆஸ்டார், 2012இல் அந்த ஒப்பந்தம் போனபின் பறப்பதையே நிறுத்திவிட்டது. 2015இல் அமேசான் வில்மிங்டனில் சோதனை முறையில் சரக்கு விமானங்களை இயக்கியபோது நகரத்தில் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2017 ஜனவரியில் அமேசான் தனது பெரிய விமான மையத்துக்குத் தேர்ந்தெடுத்தது சின்சினாட்டி விமான நிலையத்தை. டிஎச்எல் தனது மையத்தை மாற்றிக்கொண்ட அதே இடம். பின்னர் 2019இல் சிறிய அளவில் அமேசான் வில்மிங்டனுக்குத் திரும்பியது.

மூன்று மாநிலங்கள், மூன்று பாதுகாப்புகள்

பெருமளவில் ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் 60 நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். இழப்பீடு பற்றி அது கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஊழியர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. நியூஜெர்சியில் 2023 ஏப்ரல் முதல் 90 நாள் முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம் இழப்பீடும் கட்டாயம். கலிஃபோர்னியா 60 நாள் விதியைச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்தியுள்ளது. டெக்சஸில் தனியாகச் சட்டம் எதுவும் கிடையாது. ஒரே நிறுவனத்தில் ஒரே வேலையைச் செய்யும் நுவர்க் தொழிலாளிக்கும் ஃபோர்ட் வொர்த் தொழிலாளிக்கும் இடையே இத்தனை தூரம்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பொதி பிரிக்கும் பணியில் பகுதிநேரத் தொழிலாளர்கள் அதிகம். சரக்கு குறையும்போது அவர்கள் நீக்கப்படுவதைவிட, அவர்களது வேலை நேரம் குறைக்கப்படுவதே வழக்கம். ஆறு மாதங்களுக்குத் தொடர்ந்து பாதிக்கு மேல் நேரம் குறைந்தால்தான் மத்தியச் சட்டம் அதை வேலையிழப்பாகக் கருதும். வாரத்துக்கு 25 மணி நேரம் 15 ஆனால், வாடகை கட்ட முடியாமல் போகலாம். சட்டத்தின் பார்வையில் எதுவும் நடக்கவில்லை.

அஞ்சல் பணியைப் பெற்றுக்கொண்ட யுபிஎஸ்ஸின் ஊழியர்களுக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 2024இல் அந்நிறுவனத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 12 சதவீதத்தை அளித்த அமேசானின் சரக்கை, 2026க்குள் பாதிக்கும் கீழாகக் குறைத்துக்கொள்ளப்போவதாக 2025 ஜனவரியில் அது அறிவித்தது. இங்கே விலகியது வாடிக்கையாளர் அல்ல. லாபம் குறைவு என்று கூறி நிறுவனமே விலக்கியது. 2025இல் 48 ஆயிரம் வேலைகளைக் குறைத்ததாகவும், 2026இல் மேலும் 30 ஆயிரம் வரை குறைக்கப்படலாம் என்றும் யுபிஎஸ் தெரிவித்தது. அஞ்சல் சேவையிடமிருந்து அது பெற்ற ஒப்பந்தமோ, குறைந்தது ஐந்தரை ஆண்டுகளுக்கானது.