கற்றதும் கற்றதாகத் தோன்றியதும்

சொல்வன்மை மிக்க பேராசிரியர் ஒருவர் தங்குதடையின்றி விரிவுரை நிகழ்த்துகின்றார். மாணாக்கர் குறிப்பெழுதிக்கொண்டு, எல்லாம் விளங்கிவிட்டதென்ற மனநிறைவோடு வெளியேறுகின்றனர். மற்றொரு வகுப்பிலோ ஆசிரியர் கணக்கொன்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கின்றார். மாணாக்கர் சிறு குழுக்களாகக் கூடித் தடுமாறுகின்றனர், தம்முள் வாதிடுகின்றனர், அதன் பின்னரே விளக்கம் கிடைக்கின்றது. எவ்வகுப்பில் நன்கு கற்றீர்கள் என்று வினவினால் அவர்கள் யாது கூறுவர்?

அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயில்வோரிடம் இதனை ஆராய்ந்து, 2019 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மாணாக்கரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு விரிவுரையும் மற்றதற்குச் செயல்வழிக் கற்றலும் அளித்தனர். அடுத்த பாடத்தில் முறையை மாற்றினர். குறிப்புத்தாளும் கணக்குகளும் இரு பிரிவுக்கும் ஒன்றே. விரிவுரை கேட்டவரே தாம் அதிகம் கற்றதாகக் கூறினர். பரீட்சையிற் கூடிய புள்ளி பெற்றவரோ, தாமே முயன்று இடர்ப்பட்டவர்!

இதற்காக மாணாக்கரைப் பழித்தல் தகாது. பேசுபவரது தெளிவைக் கேட்பவர் தமது தெளிவென்று மயங்குவது இயல்பே. தடுமாற்றமோ அறியாமையின் அடையாளமாக அவர்களுக்குத் தோன்றுகின்றது. (தடையின்றிப் பேசுவது ஆசிரியராகிய எமக்கும் இனிக்கவே செய்யும்.)

அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் மசூர் இதனை முன்னரே கண்டவர். அவரது விரிவுரைகளை மாணாக்கர் பெரிதும் மெச்சினர். கடினமான கணக்குகளையும் செய்து முடித்தனர். ஆயினும், பாரமான லொறியும் சிறிய காரும் மோதுகையில் அவை ஒன்றன்மீதொன்று செலுத்தும் விசை சமமா என்பது போன்ற எளிய வினாக்களிற் பலர் தவறினர். நியூற்றனின் மூன்றாம் விதியை ஒப்புவிக்க வல்லவர்கள்தாம்! அதன் பின்னர் அவர் வகுப்பில் வினாவை எழுப்பி, அயலில் இருப்பவரோடு விவாதிக்கச் செய்யலானார்.

விஞ்ஞானம், பொறியியல், கணிதம் சார்ந்த 225 ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரையொன்று 2014 இல் வெளிவந்தது. விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் 100 பேரில் ஏறக்குறைய 34 பேர் சித்தியடையவில்லை. செயல்வழி வகுப்புகளில் அத்தொகை 22 ஆகக் குறைந்தது.

மாணாக்கரின் மதிப்பீட்டைக் கொண்டே விரிவுரையாளரை எடைபோடும் இடங்களில், நன்கு கற்பிப்பவர் குறைந்த மதிப்புப் பெறவும் கூடும் என்பதே எமது கவலை. ஹார்வார்ட்டில், பாடநெறியின் தொடக்கத்திலேயே இவ்வுண்மையை எடுத்துரைத்தபோது, மாணாக்கரிற் பலர் புதிய முறையை விரும்பத் தலைப்பட்டனர்.

“சேர் ஒன்றும் படிப்பிக்கிறாரில்லை, எங்களையே செய்யச் சொல்லுகிறார்” என்று உங்கள் பிள்ளை முறையிட்டால், அன்று செய்த கணக்கை உங்களுக்கு விளக்கும்படி கேட்டுப் பாருங்கள்.