காலை ஷிஃப்ட் அம்மாவும் பால்வாடி டீச்சரும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, சைக்கிள் என்று காலை ஷிஃப்ட்டுக்குக் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் போகிற அம்மாக்களின் குழந்தைகள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். பால்வாடி திறக்க இன்னும் நேரமிருக்கிறது. பிறகு குழந்தையை எழுப்பிக் கொண்டுபோய் விடுவது அப்பாவோ, பக்கத்து ரூம் அக்காவோ, சில வீடுகளில் ஏழெட்டு வயது அண்ணனோதான்.

விளைவு? டீச்சரும் அம்மாவும் சந்திப்பதே இல்லை. குழந்தை ராத்திரி முழுக்க இருமியது டீச்சருக்குத் தெரியாது. மதியம் சோறு வேண்டாமென்று அழுதது அம்மாவுக்குத் தெரியாது. முகம் தெரியாதவரிடம் எத்தனை நாள் பிள்ளையை விட மனசு வரும்? 'ரூமிலேயே இருக்கட்டும்' என்று ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுப் போகத் தோன்றும். மூன்று வயசுக் குழந்தை, பூட்டிய அறை, உள்ளே கேஸ் அடுப்பு. நினைத்தாலே பகீரென்கிறது.

ஐ.சி.டி.எஸ் என்கிற அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ல். 1980-ல் உலக வங்கி உதவியுடன் தமிழகத்தில் வந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மாதாமாதம் குழந்தையை எடை போட்டு, அட்டையில் குறித்து, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்மாவுக்கே காட்டினார்கள். சத்துணவு செய்யும் வேலையில் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சொந்த ஊர், சொந்த பாஷை என்பதால் அது சுலபமாக நடந்தது.

இங்கே கதை வேறு. ஆந்திர எல்லை என்பதால் தெலுங்கு ஏற்கெனவே உண்டு. இப்போது ஒடியா, இந்தி, வங்காளம் எல்லாம் கேட்கிறது. குழந்தைக்குத் தாகமெடுத்தால் ஒருத்தி 'நீள்ளு' என்பாள், இன்னொருத்தன் 'பானி' என்பான். தாகம், வலி, ஒன்றுக்கு, அம்மா... இப்படிப் பத்து வார்த்தைகளை வீட்டு பாஷையில் கேட்டுச் சுவரில் எழுதி வைத்தாலே போதும், பாதி அழுகை நின்றுவிடும்.

சத்துமாவு விஷயத்தைப் பாருங்கள். பாக்கெட்டை வாங்கிப்போய் என்ன செய்வதென்று தெரியாமல் மூலையில் வைத்துவிடுகிற வீடுகள் உண்டு. ஆனால், ஒடிசா அங்கன்வாடிகளிலும் இதே மாதிரி ஒரு மாவு தருகிறார்கள். பெயர் 'சத்துவா'. பீகாரில் 'சத்து'. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிடும். நம் பழைய சோறு ஒடிசாவில் 'பகாளா'. அதுவும் கோடைக்குத்தான்! 'உங்க ஊர்ல குழந்தைக்கு என்ன குடுப்பீங்கம்மா?' என்று கேட்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். 'ஏன் லேட்டு?' என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும்.

இதில் பெரிய ஆள் ஆயாம்மாதான். வாசலில் குழந்தையைக் கையில் வாங்குவது பல இடங்களில் அவர்தான். 'நேத்து வாந்தி' என்ற தகவல் முதலில் அவர் காதில்தான் விழும். அவரைச் சமையலுக்கு மட்டுமென்று ஒதுக்கிவிட்டால் அந்தத் தகவல் அடுப்படியோடு போய்விடும். டீச்சரும் ஆயாம்மாவும் தினமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால், கிராம சுகாதார நர்ஸ் வரும்போது எந்தக் குழந்தையை முதலில் காட்ட வேண்டுமென்பது தானாகத் தெரியும். செயலியில் விவரங்களை ஏற்றவே நேரம் போதவில்லை என்கிற டீச்சர்களின் அலுப்பில் நியாயமிருக்கிறது. ஆனாலும் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடக் கூடாது.

பெற்றோர் கூட்டத்தை முற்பகலில் வைத்தால் யார் வருவார்கள்? காலை ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து வைக்கலாம். வர முடியாத அம்மாவுக்குக் குழந்தை சாப்பிடுவதை இருபது விநாடி வீடியோவாக அனுப்பலாம்.

கம்பெனிகளுக்கும் இதில் பங்குண்டு. 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினமும் 4 முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் கம்பெனியில் இருக்கிறதா? ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளுக்கு பலாங்கீர், நுவாபடாவிலிருந்து வரும் குடும்பங்கள் ஜூன் வாக்கில் ஊர் திரும்பிவிடும். போஷான் டிராக்கர் செயலியில் குழந்தையின் பதிவை அடுத்த மையத்துக்கு மாற்றும் வசதி இருக்கிறது. கிளம்பும் முன்பே டீச்சரிடம் சொல்லுங்கள். எடை அட்டையையும் தடுப்பூசி அட்டையையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் பை தொலைந்தாலும் ஊர் அங்கன்வாடியில் காட்ட அது கையில் இருக்கும்.