திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் தன்பொறுப்பும் முழுமை நலமும்

ஆய்வுச் சுருக்கம்

உடல்நலம் பேணுவதில் ஒருவரது தன்பொறுப்பு எதுவரை செல்லும், மருத்துவரின் பணி எங்குத் தொடங்கும் என்னும் வினாக்களுக்குத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தரும் விடையை இக்கட்டுரை விளக்குகிறது. அதன் ஒரு பகுதியை மட்டும் கொண்டு மருத்துவமே வேண்டா என முடிவு செய்வது அதிகார அமைப்புக்கு ஒவ்வாது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருக்குறள், மருந்து, பரிமேலழகர், தன்பொறுப்பு, முழுமை நலம், உழைச்செல்வான்.

முன்னுரை

1948இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், நலம் என்பதை நோயின்மை என்ற அளவில் நிறுத்தாமல், உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றிலும் நிறைவுற்ற நிலை என வரையறுத்தது. 1986இல் உருவான ஒட்டாவா சாசனம், மக்கள் தம் நலத்தின்மீது தாமே கூடுதல் ஆளுகை பெறச் செய்வதை நலமேம்பாடு என்றது. தமிழ்ச்சூழலில் இக்கருத்துகளைப் பேசுவோர் திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தைச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆதலின் அவ்வதிகாரத்தை முழுமையாக நோக்குதல் தேவையாகிறது.

அதிகார அமைப்பு

அதிகாரத்தின் முதற்குறள் (941) நோய்க்குக் காரணம் கூறுகிறது. வளி முதலிய மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் தோன்றும் என்பது அதன் கருத்து. அடுத்த ஆறு குறள்களும் (942–947) உணவைப் பற்றியன. முன் உண்டது செரித்ததை அறிதல், பசித்தபின் உண்ணல், அளவறிதல், உடலுக்கு மாறானதை விலக்கல் ஆகியன இவற்றில் வலியுறுத்தப்படுகின்றன. இச்செயல்களை ஒருவருக்காகப் பிறர் செய்ய இயலாது. தன் பசியையும் செரிமானத்தையும் அறிபவர் அவரே. இறுதி மூன்று குறள்கள் (948–950) நோயுற்றபின் செய்யத்தக்க மருத்துவத்தைக் கூறுகின்றன. பத்தில் ஆறு தன்பொறுப்புக்கும் மூன்று மருத்துவத்துக்கும் அமைந்திருப்பது, தற்காப்பே முதன்மை என்பதையும், அது மட்டுமே போதாது என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது.

உணவும் செயலும்

முதற்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், மிகுதலும் குறைதலும் உணவுக்கு மட்டுமன்றிச் செயல்களுக்கும் உரியன எனக் கொள்கிறார். இதனால் நலம் என்பது உண்கலத்தோடு முடிவதில்லை. உழைப்பு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் அளவையும் அதனுள் அடக்கிக் காண இடமுண்டு. கள்ளுண்ணாமை (93), சூது (94) ஆகிய அதிகாரங்களை அடுத்து ‘மருந்து’ வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. வெகுளாமை (31) அதிகாரம் சினத்தைத் தன்னையே அழிக்கும் பகையாகக் காட்டுகிறது. உடலையும் உள்ளத்தையும் பிரிக்காத நோக்கு நூல் முழுவதும் பரவிக் கிடக்கிறது.

நால்வகை மருத்துவம்

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணும் உழைச்செல்வான் என மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறது இறுதிக்குறள். பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவனுக்கு அவர் கூறுவன: பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், நோய்நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். இங்கு நோயாளி மருத்துவத்தின் ஒரு கூறாகவே அமைகிறார். தன்பொறுப்பு நோய்க்காலத்தில் நீங்குவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது.

இன்றைய பொருத்தம்

உயர் இரத்த அழுத்தமும் தொடக்கநிலை நீரிழிவும் பெரும்பாலும் அறிகுறியின்றி இருப்பன. பசியையும் களைப்பையும் கவனித்து மட்டும் அவற்றை அறிய இயலாது, சோதனை வேண்டும். முதல்வகை நீரிழிவு உடையவர் உணவொழுக்கத்தை நம்பி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரும். உணவே மருந்து என்னும் வழக்கை இத்தகைய நிலைகளுக்கும் நீட்டுவோர், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தபின் தக்கது செய்யுமாறு கூறும் 948ஆம் குறளைக் கருதுவதில்லை.

பரிமேலழகர் பொருளுடைமையை முதலில் வைத்ததும் நோக்கத்தக்கது. வறியவரிடம் தன்பொறுப்பை மட்டும் வலியுறுத்துவது முறையாகாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை நோயாளர் இல்லத்துக்கே கொண்டு சேர்க்கிறது. பொருளின்மையும் பேணுவாரின்மையும் உண்டாக்கும் குறையை ஓரளவு அரசு ஏற்கும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

‘மருந்து’ அதிகாரம் நலத்தின் தொடக்கத்தை ஒருவரது அன்றாட ஒழுக்கத்தில் வைக்கிறது. நோயுற்றபோது கற்றறிந்த மருத்துவரையும் அன்புடன் பேணுவாரையும் உடன் சேர்க்கிறது. தன்னை அறிந்து அளவோடு வாழ்தலும், தன்னால் அறிய இயலாதவற்றுக்கு உரியவரை நாடுதலும் ஒரே பொறுப்பின் இரு பகுதிகள் என்பதே இவ்வதிகாரத்தால் பெறப்படும் முடிவாகும்.