தாயா? தாரமா? இன்ஷூரன்ஸ் பணம் யாருக்கு?

பிணவறை வாசலில் வெடித்த தகராறு

(நமது நிருபர்)

காலை 11 மணி இருக்கும். நகரில் உள்ள ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிணவறை வாசல். விபத்து செய்திக்காக போய் இருந்தேன்.

முந்தின நாள் இரவு லாரி மோதி பலியான வடசென்னை வாலிபரின் உடல் உள்ளே இருந்தது. பிரேத பரிசோதனை இன்னும் முடியவில்லை. வெளியே வேப்ப மரத்து நிழலில் இரண்டு பெண்கள். ஒருவர் தாய். மற்றவர் மனைவி. மனைவியின் மடியில் 3 வயது பெண் குழந்தை. இருவரும் அழுது ஓய்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து உறவுக்காரர் ஒருவர் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, 5 லட்சத்துக்கு பாலிசி போட்டு இருந்தானே, அது யார் பேர்ல இருக்குது?"

"என் பேர்லதான்" என்றார் தாய்.

"கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது அத்தை அது. அப்புறம் நானும் குழந்தையும் வந்துட்டோம் இல்ல?" என்றார் மருமகள்.

அவ்வளவுதான். பேச்சு தடித்தது. 5 நிமிடத்தில் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக போய் உட்கார்ந்து விட்டார்கள். குழந்தை மட்டும் இங்கும் அங்குமாக ஓடிக்கொண்டு இருந்தது.

தகவல் கேட்டு ஓடி வந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, பேரை மாத்துப்பா, மாத்துப்பான்னு 5 வருஷமா சொன்னேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணேன்னுவான். ஒரே ஒரு கையெழுத்து. போடாமலே போயிட்டான்."

பணம் யாருக்கு? தாய்க்கா, தாரத்துக்கா? விசாரித்துப் பார்த்தால் விவகாரம் நாம் நினைக்கிற மாதிரி சுலபமாக இல்லை.

வெறும் கைதான்!

பாலிசி படிவத்தில் எழுதிக்கொடுக்கும் பெயருக்கு 'நாமினி' என்று பெயர். 1938-ம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 39-வது பிரிவு இதைப் பற்றி சொல்கிறது. நாமினி என்றால் பணம் முழுக்க அவருக்கே சொந்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரொம்ப காலம் அப்படி இல்லை.

டெல்லியைச் சேர்ந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்து போனார். 10 ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றாக 2 பாலிசிகள். நாமினி மனைவி. "எனக்கும் பங்கு வேண்டும்" என்று இறந்தவரின் தாய் கோர்ட்டுக்கு போனார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. சட்டப் புத்தகங்களில் சர்பதி தேவி-உஷா தேவி வழக்கு என்று இது பிரபலம்.

1983 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. "நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே. பணம் வாரிசுகளுக்கு சேர வேண்டியது" என்பது அதன் சாரம். 20 ஆயிரம் ரூபாய்க்காக மாமியாரும் மருமகளும் வருஷக்கணக்கில் கோர்ட்டு படி ஏறி இறங்கி இருக்கிறார்கள்.

இந்துக் குடும்பத்தில் ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய எல்லோருக்கும் சமபங்கு. 1956-ம் ஆண்டு வாரிசு உரிமை சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தகப்பனார் இந்த முதல் வரிசையில் வரமாட்டார். இது பல தகப்பனார்களுக்கே தெரியாது!

சட்டம் மாறியது

2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டத்தை திருத்தினார்கள். 2014 டிசம்பர் 26-ந் தேதி முதலே அமல். தாய்-தகப்பன், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவர் நாமினியாக இருந்தால் அவர் வெறும் கை அல்ல, பணத்துக்கு உரிமையாளரே என்று சொன்னது புதிய சட்டம். அண்ணன், தம்பி, மாமன், மச்சான், நண்பர் என்றால் பழைய கதைதான். வாங்கி வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும்.

மனைவி பெயர் எழுதி இருந்த வீடுகளில் இதனால் நிம்மதி. ஆனால் பிரம்மச்சாரியாக இருந்தபோது அம்மா பெயரை எழுதிவிட்டு, அப்புறம் அதை மறந்தே போனவர்கள் வீட்டில்? பழைய சட்டப்படி பார்த்தால் மனைவிக்கும் குழந்தைக்கும் பங்கு. புதிய சட்டத்தை அப்படியே படித்தால் முழுப்பணமும் தாய்க்கு. அந்த வேப்ப மரத்தடியில் நடந்தது இந்த சண்டைதான்.

இதே மாதிரி ஒரு வழக்கு கர்நாடக ஐகோர்ட்டுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்பு தாயை நாமினியாக போட்டு 2 பாலிசி எடுத்தவர் அவர். பிறகு திருமணம் நடந்தது, மகன் பிறந்தான். பெயரை மாற்றவில்லை. 2019-ல் இறந்து விட்டார். 2025-ல் ஐகோர்ட்டு தீர்ப்பு சொன்னது. வாரிசுகள் உரிமை கேட்டு வந்தால் நாமினி விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், வாரிசு உரிமை சட்டத்தை இன்ஷூரன்ஸ் சட்டம் தள்ளிவிட முடியாது என்று கூறி தாய், மனைவி, மகன் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது.

"அப்போ இங்கேயும் அதே தீர்ப்புதானே சார்?" என்று கேட்கலாம். அது கர்நாடகத்து ஐகோர்ட்டு. இங்குள்ள கோர்ட்டு அதை எடுத்துக்காட்டாக பார்க்கலாம், கட்டாயம் இல்லை. வக்கீல் பீசு இரண்டு பக்கமும் உண்டு. ஆகவே கோர்ட்டு என்ன சொல்லும் என்று ஜோசியம் பார்ப்பதைவிட, உயிரோடு இருக்கும்போதே பெயரை மாற்றுவது மேல். கிளை ஆபீசில் ஒரு படிவம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு பேரை எழுதி, தாய்க்கு இத்தனை சதவீதம், மனைவிக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் போடலாம். அந்த வடசென்னை வாலிபர் அப்படி செய்து இருந்தால் பிணவறை வாசலில் சண்டையே இல்லை.

கல்யாணம் ஆனதால் நாமினி தானாக மாறிவிடாது. விவாகரத்து ஆனாலும் பழைய மனைவியின் பெயர் தானாக அழியாது. கோர்ட்டு தீர்ப்பை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு பாலிசியை மறந்தவர்கள் உண்டு.

நாமினி முன்னால் இறந்து, வேறு பெயர் எழுதாமல் விட்டால் பணம் வாரிசுகளுக்கு போகும். தாசில்தார் ஆபீசில் வாரிசு சான்றிதழ், தேவைப்பட்டால் கோர்ட்டு சான்றிதழ் என்று அலைச்சல். நாமினி 18 வயது ஆகாத பிள்ளை என்றால் அதன் சார்பில் பணம் வாங்க ஒரு பெரியவரை நியமித்து எழுத வேண்டும். பாலிசியை பாங்கில் கடனுக்கு எழுதிக் கொடுத்தாலும் நாமினி பெயர் ரத்தாகாது. பாங்குக்கு சேர வேண்டிய அளவுக்கு மட்டும் நாமினியின் உரிமை குறையும்.

இரண்டு வீட்டுக்காரர்

சாவு வீட்டுக்கு இரண்டு பக்கத்தில் இருந்தும் தாலியோடு பெண்கள் வந்து நிற்பதை போலீஸ் செய்தி எழுதுகிற யாரும் பார்த்து இருப்பார்கள். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாவது கல்யாணம் இந்து திருமண சட்டப்படி செல்லாது. இரண்டாவது பெண் பெயர் பாலிசியில் இருந்தாலும் அவர் சட்டத்தின் கண்ணில் 'மனைவி' ஆகமாட்டார். ஆனால் அவருக்கு பிறந்த பிள்ளைகளுக்கு தகப்பன் சொத்தில் பங்கு உண்டு.

வடக்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் பணத்துக்காக இப்படி இருவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 2008-ல் தீர்ப்பு. நாமினியும் 4 பிள்ளைகளின் தாயுமான இரண்டாவது பெண்ணே சான்றிதழ் பெற்று பணத்தை வாங்கலாம், ஆனால் பிள்ளை இல்லாத முதல் மனைவிக்கு ஐந்தில் ஒரு பங்கை காப்பாற்றி கொடுக்க வேண்டும் என்றது கோர்ட்டு.

பணத்துக்காக ஆளையே தீர்த்துக்கட்டியவர்களுக்கு? கொன்றவருக்கு செத்தவர் சொத்தில் வாரிசு உரிமை கிடையாது. மரணத்தில் சந்தேகம் இருந்தால் முதல் தகவல் அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை எல்லாம் கம்பெனி கேட்கும்.

கடன்காரன் தொட முடியாது!

வீட்டு வாசலில் கடன்காரர்கள் நிற்கும் குடும்பங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமை சட்டம். இதன் 6-வது பிரிவின்படி கணவர் தன் உயிர் பேரில் மனைவி, பிள்ளைகள் நன்மைக்காக பாலிசி எடுத்தால் அந்தப் பணம் அவர்களுக்கு மட்டுமே சொந்தம். கணவரின் கடனுக்காக அதை ஜப்தி செய்ய முடியாது. (கடன்காரரை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் வேறு கதை.) மாமியாரும் பங்கு கேட்க முடியாது.

இதில் சென்னைக்கு ஒரு பெருமை. இந்துக்கள், முஸ்லிம்கள் எடுத்த பாலிசிகளுக்கு இந்தப் பிரிவு மற்ற மாகாணங்களில் 1923 ஏப்ரலுக்கு பிறகுதான். சென்னை மாகாணத்தில் மட்டும் 1913-ம் ஆண்டு இறுதியில் இருந்தே!

ஆனால் பாலிசி எடுக்கும்போதே தனி படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியபின் கணவரே நினைத்தாலும் பணத்தை திருப்பிக்கொள்ள முடியாது. பல ஏஜெண்டுகள் இதைப்பற்றி வாயே திறப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

கம்பெனி பணம் தர மறுத்தால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சென்னையிலும் ஆபீஸ் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவை இல்லை. மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். நோயை மறைத்தார் என்று சொல்லி மறுப்பதும் பாலிசி எடுத்து 3 ஆண்டுகள் தாண்டிவிட்டால் நடக்காது.

அந்த வடசென்னை குடும்பத்தை கடந்த வாரம் தேடிப் போனேன். பணம் இன்னும் வரவில்லை. வாரிசு சான்றிதழுக்கு மனு எழுதி வைத்து இருந்தார் மருமகள். அதில் வாரிசுகள் 3 பேர். முதலில் மாமியாரின் பெயரை எழுதி இருந்தார். "அத்தை எங்கே?" என்று கேட்டேன்.

"குழந்தையை பால்வாடியில விடப்போயிருக்காங்க" என்றார்.