கணினி அளந்த பின் கை அளக்க வேண்டியது

ஒரு கட்டடத்துக்கு எத்தனை கன மீட்டர் செங்கல் கட்டு, எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று பிளானைப் பார்த்துக் கணக்கெடுப்பதே அளவெடுப்பு. எஸ்டிமேட், டெண்டர் எல்லாமே இந்தக் கணக்கை நம்பித்தான். முன்பு ஸ்கேல் வைத்து நாள்கணக்கில் செய்த வேலையை இன்று மென்பொருள் வெகு விரைவில் முடித்துவிடுகிறது. அதன் பிறகும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என்று கட்டம் போட்டுக் கையால் கணக்குப் பார்க்க வேண்டுமா? கட்டாயம் வேண்டும். மென்பொருள் அளப்பது பிளானின் கோடுகளை. நமக்கு வேண்டியதோ ஒப்பந்தப்படி பணம் தர வேண்டிய அளவு.

பூச்சு வேலையையே பார்ப்போம். இந்தியாவில் அளவெடுக்கும் முறையை ஐஎஸ் 1200 தரநிலை வகுத்திருக்கிறது. அதன்படி 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு முகத்திலும் ஒரே பூச்சு என்றால், ஒரு முகத்தில் மட்டுமே கழிக்க வேண்டும்; மறுமுகத்தில் கழிக்காமல் விடுவது திறப்பின் உள்விளிம்புகளைப் பூசும் வேலைக்கு ஈடு. 1.2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள ஜன்னலுக்கு 1.8 சதுர மீட்டர் கழிவு. இந்த விதியை ஏற்றாத மென்பொருள் இரு முகத்திலும் கழித்தால் 3.6 ஆகிவிடும். இப்படி 20 ஜன்னல் இருந்தால் 36 சதுர மீட்டர் பூச்சு கணக்கில் விடுபட்டுப்போகும்.

விதியை மென்பொருளிலேயே ஏற்றிவிடலாமே, கைக்கணக்கிலும் தவறு வருமே என்று கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் கைத்தவறு பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடும். மென்பொருளில் ஒரு அமைப்பு தவறினால் அது எல்லா வரியிலும் ஒரே சீராகப் பரவும். ஏ1 தாளில் 1:100 என வரைந்த பிளானை ஏ3 தாளுக்குச் சுருக்கினால் ஒவ்வொரு கோடும் பாதியாகும். மென்பொருளில் 1:100 என்றே விட்டுவைத்தால் நீளம் பாதியாகவும் பரப்பு காலாகவும் வரும். எல்லாமே ஒன்றுபோலக் குறைவதால் எந்த எண்ணும் தனியாக உறுத்தாது.

இதைப் பிடிக்க ஒரே ஒரு அறை போதும். உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர், சுவர் தடிமன் 0.23 மீட்டர் என்று பிளானில் எழுதியிருக்கும் எண்களை எடுத்து, சுவரின் நடுக்கோட்டை அளக்கும் சென்டர் லைன் முறையில் 4.23-ஐயும் 3.23-ஐயும் கூட்டி இரட்டித்தால் சுவர் நீளம் 14.92 மீட்டர். மென்பொருள் 7.46 காட்டினால் ஸ்கேல் தவறு. 14 காட்டினால் சுவரின் உட்கோட்டையும், 15.84 காட்டினால் வெளிக்கோட்டையும் பிடித்திருக்கிறது. முழுக் கட்டடத்தையும் திரும்ப அளக்கத் தேவையில்லை. கான்கிரீட், கம்பி, பூச்சு என்று பணம் அதிகம் போகும் இனங்களில் ஒரு தளத்தை மட்டுமாவது இப்படி வேறு வழியில் கணக்கிட வேண்டும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்த பிறகு எஸ்டிமேட்டில் போடும் கையெழுத்துக்குத்தான் பொருள் உண்டு.