கத்தரி இலையை அரிக்கும் புள்ளி வண்டு: பொறி வண்டு என்று ஏமாற வேண்டாம்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள செங்கம் சாலைப் பகுதியில், வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரி, இரண்டு வரிசை வெண்டை, வேலியோரம் ஒரு பூசணிக் கொடி என்று போட்டிருப்பவர்கள் உண்டு. ஆடிப் பட்டத்தில் நாற்று விட்டு ஆவணியில் நட்ட கத்தரி, கார்த்திகை தீபத்தின்போது நல்ல காய்ப்பில் இருக்க வேண்டும். ஆனால் ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில் திடீரென்று இலைகள் சல்லடைக் கண்ணாக மாறுவதைப் பார்க்கலாம். பச்சையம் முழுவதும் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் நிற்கும். பிறகு இலை பழுப்பேறிச் சுருங்கிவிடும். பிஞ்சு வைப்பதும் நின்றுபோகும்.

இந்த வேலையைச் செய்வது எபிலாக்னா என்ற புள்ளி வண்டு. கத்தரியோடு உருளை, தக்காளி, மணத்தக்காளி, சுண்டை ஆகியவற்றையும் இது தின்னும். இதன் இனத்தைச் சேர்ந்த வண்டு பாகல் இலையிலும் வரும்.

இந்த வண்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. விவசாயிக்கு நண்பனான பொறி வண்டும், கத்தரியைத் தின்னும் புள்ளி வண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் பாதிப் பட்டாணி போல உருண்டையாக, புள்ளிகளோடு இருக்கும். ஐரோப்பிய நாடுகளில் பொறி வண்டை அதிர்ஷ்டத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் உண்டு. அந்த நினைப்பில் இங்கே கத்தரிச் செடியில் உட்கார்ந்திருக்கும் புள்ளி வண்டை நல்ல பூச்சி என்று விட்டுவைப்பவர்கள் ஒரு பக்கம். எல்லாம் ஒரே பூச்சிதான் என்று பொறி வண்டையும் சேர்த்து நசுக்குபவர்கள் மறு பக்கம். இரண்டு பேருக்கும் நஷ்டம்தான்.

எப்படி அடையாளம் காண்பது?

புள்ளிகளை எண்ணிப் பயனில்லை. எபிலாக்னாவில் 28 புள்ளி உள்ளதும் உண்டு, 12 புள்ளி உள்ளதும் உண்டு. பொறி வண்டில் புள்ளிக்குப் பதிலாக நெளிநெளியான கறுப்புப் பட்டை உள்ளவையும் ஏராளம். முதுகின் பளபளப்பைத்தான் பார்க்க வேண்டும். பொறி வண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். எபிலாக்னாவின் முதுகில் மிக நுண்ணிய மயிர் இருப்பதால் மங்கலாக, துலக்காத செப்புப் பாத்திரம் போல் தெரியும். வெயிலில் திருப்பிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

புழுவில் வித்தியாசம் இன்னும் தெளிவு. எபிலாக்னாவின் புழு மஞ்சள் நிறம். உடம்பெல்லாம் கிளை விட்ட முள் இருக்கும். இலையின் அடிப்பக்கத்தில் மெதுவாக ஊர்ந்து சுரண்டும். பொறி வண்டின் புழு பெரும்பாலும் கறுத்து நீண்டு, ஆரஞ்சு நிறப் பொட்டுகளுடன், கால்களை வீசி வேகமாக நடக்கும். பார்க்கப் பயமாக இருப்பதால் பாவம், அதுதான் முதலில் அடிபடுகிறது. ஆனால் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று தீர்ப்பதில் வண்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல அந்தப் புழு.

பொறி வண்டின் அருமைக்கு ஒரு சான்று நம் நீலகிரியிலேயே உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில் பூச்சி ஒன்று அழித்துக்கொண்டிருந்தபோது, 1888-89ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரொடோலியா என்ற பொறி வண்டைக் கொண்டுபோய் விட்டு அதை அடக்கினார்கள். அதே செதில் பூச்சி நீலகிரியின் சீகை மரங்களைப் பிடித்தபோது 1929ல் அதே வண்டு இங்கும் கொண்டுவரப்பட்டது.

முட்டையிலேயே பிடிக்க வேண்டும்

எபிலாக்னாவின் தாய் வண்டு இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் நிற முட்டைகளைக் கொத்தாக, நட்டுவைத்ததுபோல் செங்குத்தாக இடும். ஒரே வண்டு தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடக்கூடியது. சில நாட்களில் முட்டை பொரிந்துவிடும். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து வண்டாக மூன்று, நான்கு வாரம் போதும். எனவே வாரத்துக்கு இரண்டு முறை இலைகளைப் புரட்டிப் பார்த்து, முட்டையுள்ள இலைத்துண்டைக் கிள்ளி எடுத்துவிட்டால் பத்துச் செடிக்குப் பத்து நிமிட வேலைதான்.

பொறி வண்டின் முட்டையும் மஞ்சள்தான். அசுவினி மொய்த்த இலையில் முட்டை இருந்தால் விட்டுவிடலாம். அசுவினியே இல்லாத கத்தரி இலையில் இருந்தால் எடுத்துவிட வேண்டும். நிச்சயம் தெரியவில்லையா? இலையோடு கிள்ளி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தால் நாலைந்து நாளில் புழு வெளிவந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டுகளைப் பொறுக்கக் காலை வேளை சிறந்தது. குளிரில் அவை மந்தமாக இருக்கும். கை பட்டதும் கீழே விழும் வழக்கம் இருப்பதால், சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகன்ற பாத்திரத்தைச் செடிக்குக் கீழே பிடித்து உலுக்க வேண்டும். வேலியில் தானாக முளைத்த ஊமத்தை, கண்டங்கத்தரி ஆகியவற்றிலும் இது தங்கும். கத்தரியை மட்டும் சுத்தம் செய்தால் மறு வாரமே வேலியிலிருந்து வந்துவிடும்.

ஆசிரமப் பகுதியில் எந்த உயிரையும் கொல்ல மனம் வராதவர்கள் பலர். பசு லட்சுமிக்கு 1948ல் சமாதி எழுப்பிய இடம் இது. அந்த மனநிலை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பத்து வண்டுகளை விட்டுவைத்து, அடுத்த மாதம் நூற்றுக்கணக்கில் பெருகியபின் பொறுக்க முடியாமல் கடையில் கடும் விஷ மருந்து வாங்கி அடித்தால், வண்டோடு பொறி வண்டும் தேனீயும் சிலந்தியும் சாகும். முட்டையைக் கிள்ளுவதும், நாற்றுக்குக் கொசுவலைத் துணி போர்த்துவதும்தான் மிகக் குறைந்த கொலை. பூக்கும் வரையில் வலை இருக்கலாம்.

கடை மருந்து விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. பழைய விவசாயக் குறிப்புகளில் காய்கறி வண்டுக்கு பி.எச்.சி. தூள், செவின் என்று எழுதியிருக்கும். அவற்றை இப்போது பின்பற்றவே கூடாது. பி.எச்.சி. 1997ல் தடை செய்யப்பட்டது. செவின் என்ற பெயரில் வந்த கார்பரில் 2018ல் தடையாயிற்று. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011ல் நிறுத்தியது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்க 2005 முதலே அனுமதி இல்லை. அன்றாடம் பறித்துச் சமைக்கும் கொல்லைத் தோட்டத்துக்கு இந்த வகை மருந்துகள் எதுவுமே பொருந்தாது.

வேம்பு இருக்கிறது

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். அப்போதே பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திச் சாக்குப் பையில் வைத்துக்கொண்டால் தீபம் வரைக்கும் காணும். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கணக்கு. பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் கலக்க வேண்டும். அன்றே மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். உச்சி வெயிலில் அடித்தாலும் வீண். பத்துச் செடிக்கு இரண்டு, மூன்று லிட்டர் போதும். வாரம் ஒரு முறை, மழை பெய்தால் மறுபடியும் தெளிக்கலாம். வேம்பு அடித்த உடனே வண்டு செத்து விழவில்லையே என்று குறைப்படக் கூடாது. வண்டுக்கு இலை கசந்துபோகும். புழு தோலுரிக்க முடியாமல் மடியும். அதற்குச் சில நாள் பிடிக்கும்.

தோட்டத்தில் விறைத்து உப்பி, பழுப்பாகிப்போன எபிலாக்னா புழுக்கள் இலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். பீடியோபியஸ் என்ற கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குளவி அவற்றின் உள்ளே முட்டையிட்டிருக்கிறது. ஒவ்வொரு புழுவிலிருந்தும் பல குளவிகள் வெளிவந்து மற்ற புழுக்களைத் தேடிப் போகும். இந்தக் குளவி இந்தியாவிலிருந்து 1966ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே அவரையைத் தின்னும் எபிலாக்னா இனத்துக்கு எதிராகப் பயன்பட்டது. நம் கொல்லையில் காசில்லாமல் வேலை செய்கிறது.

மற்ற வண்டுகள்

பூசணி, வெள்ளரி, சாம்பல் பூசணி முளைத்ததும் விதையிலைகளைத் துளைப்பது சிவப்புப் பூசணி வண்டு. பாகலை இது அதிகம் நாடுவதில்லை. நாலைந்து இலை வரும் வரையில்தான் ஆபத்து. அதன் பிறகு கொடி தாங்கிக்கொள்ளும். விடியற்காலைப் பனி ஈரத்தில் சலித்த விறகுச் சாம்பலைத் தூவுவது பழைய வழி, இன்றும் நல்ல வழி. காஸ் அடுப்பு வந்தபின் வீட்டில் சாம்பல் ஏது என்பவர்கள், விறகடுப்பு உள்ள டீக்கடையில் கேட்டு வாங்கலாம். அறுவடை முடிந்ததும் குழியைக் கொத்திவிட வேண்டும். இதன் புழு மண்ணில் வேரைத் தின்று வளர்வது.

கத்தரி இலையின் ஓரம் மட்டும் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தால் அது சாம்பல் நிறக் கூன்வண்டு. இலைச் சேதம் சிறிது. மண்ணுக்குள் இருக்கும் புழு வேரைத் தின்பதால் நன்றாக இருந்த செடி ஒரே நாளில் வாடுவதுதான் பெரிய நஷ்டம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவதால் பயனில்லை. நடும்போதே குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும். கிளையை வெட்டிவிட்டு ஒரே கத்தரியை வருஷக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகளில் இந்த வண்டு நிலைத்துவிடும். செடியைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு பட்டம் கீரை போடுவது நல்லது.

வெண்டைப் பூவையும் காராமணிப் பூவையும் தின்னும், கறுப்பில் ஆரஞ்சுப் பட்டையுள்ள கொப்புள வண்டை மட்டும் வெறுங்கையால் தொடவே கூடாது. நசுங்கினால் கேந்தரிடின் என்ற நச்சு நீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும். குழந்தைகளை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம். கையுறை போட்டோ, சிறு வலையாலோ பிடிக்கலாம். பத்துப் பதினைந்து வண்டு இருந்தால் பிடிப்பதுகூடத் தேவையில்லை. இதன் புழுக்கள் மண்ணில் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்பவை. கையில் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் நன்கு அலசிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.